பார்டர் கோலி வீட்டில் இருந்தால்: எந்த அறிகுறிக்கு என்ன பார்க்க வேண்டும்

எங்கள் வீட்டு மிளகுக்கு வருகிற தை மாதம் ஏழு வயது. கறுப்பு வெள்ளை பார்டர் கோலி, 17 கிலோ. கோயம்புத்தூரில் அவளை வளர்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த இன நாய்க்கு வருகிற தொல்லைகள் ஏழெட்டுதான், அவையேதான் எல்லார் வீட்டிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ராத்திரி பத்து மணிக்கு "அண்ணா, நாய் சுவத்தையே பாத்துட்டு நிக்குதுங்க" என்று போன் வந்தால், நான் கேட்கிற கேள்விகளும் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நாயிடம் தெரிகிற அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கிற காரணம் கடைசியில்.

சேட்டை என்று நாம் நினைப்பது சில நேரம் நோயாக இருக்கும். நோய் என்று பயந்து ஓடினால், வேலையில்லாத தவிப்பாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த நாலு

காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி வையுங்கள். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். நமக்குக் காய்ச்சலான 102 அதற்கு வெறும் உடம்புச் சூடு. ஓடியாடி வந்தவுடன் பார்க்காதீர்கள், அரை மணி நேரம் படுத்திருந்த பிறகு பாருங்கள். அப்போதும் 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

உண்ணி. காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் இடுக்கு, கால் விரல்களுக்கு நடுவில், வாலுக்கு அடியில். அடர்ந்த முடி உள்ள நாயில் கண்ணை நம்ப முடியாது, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தூக்கம். நேற்று மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கியது? இதற்கு உடனே பதில் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கீழே வருகிற முதல் தொல்லைக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

## அறிகுறி: வீட்டில் ஓயாமல் சுற்றுகிறது, கடித்துக் குதறுகிறது, சாயங்காலம் ஆனால் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுகிறது

தூக்கம் போதவில்லையா? குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். வளர்ந்த நாய்க்கும் ஓய்வும் தூக்கமுமாகப் பாதி நாளுக்கு மேல் போக வேண்டும். பார்டர் கோலி தானாகப் படுக்காது. வாசலில் யாராவது நடந்தால் எழும், குக்கர் விசில் அடித்தால் எழும், நீங்கள் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வரும். மதியம் இரண்டு மணி நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத அறையில், திரையை இழுத்துவிட்டுப் படுக்க வையுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள்.

பந்து அதிகமாகிவிட்டதா? "சார், தினமும் ஒரு மணி நேரம் பந்து போடுறேன், அப்பவும் அடங்கல" என்பார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் காரணம். பந்தைத் துரத்தத் துரத்த நாய் களைத்துப் போகாது, முறுக்கேறும். உடம்பு பழகிவிடும், அடுத்த மாதம் ஒன்றரை மணி நேரம் கேட்கும். பந்தை 10 நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டு, மீதி நேரத்துக்கு அது தன் போக்கில் மோந்துகொண்டே நடக்கிற மாதிரி கூட்டிப் போங்கள். அவசரப்படுத்தாமல், அது எந்தக் கம்பத்தடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் நாமும் கூடவே நின்றுகொண்டு.

மூளைக்கு வேலை இல்லையா? பாதிச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காதீர்கள். பழைய துண்டில் சுருட்டி வையுங்கள், மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் ரெண்டு ரெண்டாக ஒளித்து வையுங்கள், தேடி எடுக்கட்டும். அப்புறம் பொருட்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி, தன் பார்டர் கோலி சேசருக்கு மூன்று வருடத்தில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்து, 2011-இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நமக்கு ஆயிரம் வேண்டாம். மிளகுக்குப் பதினெட்டுப் பெயர் தெரியும். "சீப்பு எங்கே?" என்றால் முன்னறைக்குப் போய், கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடி, சீப்பைக் கவ்விக்கொண்டு வந்து என் முழங்காலில் இடிப்பாள். பத்து நிமிடம் அப்படித் தேடிய பிறகு அவள் படுக்கிற படுக்கையைப் பார்க்க வேண்டும். நான்கு கிலோமீட்டர் ஓடினாலும் அந்தத் தூக்கம் வராது.

தனிமையா? நீங்கள் கிளம்பிய பிறகு மட்டும் நடக்கிறதா என்று பழைய போன் ஒன்றை வைத்து வீடியோ எடுங்கள். கதவருகே மட்டும் பிராண்டல், எச்சில் ஒழுகுதல், விடாத ஊளை என்றால் அது சேட்டையில்லை, பயம்.

டாக்டரிடம் எப்போது? தூக்கம், நடை, தேடல் மூன்றையும் சீர்செய்து மூன்று வாரம் ஆகியும் மாற்றம் இல்லையென்றால். இதுவரை சாதுவாக இருந்த ஐந்து வயது நாய் திடீரென்று மாறினால் மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். வலி, தைராய்டு, கண், காது எல்லாம் பார்க்க வேண்டும். தனிமை பயத்துக்கு மருந்தும் உண்டு, பழக்கும் முறையும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

## அறிகுறி: பைக்கைத் துரத்துகிறது, குழந்தைகளின் குதிகாலைக் கவ்வுகிறது

இதற்கு நோய்க் காரணம் அநேகமாகக் கிடையாது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள மலைச்சரிவுகளில், செம்மறிகளைப் பார்வையாலேயே மடக்கி நகர்த்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனம் இது. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரே நாயின் வழி வந்தவை. அது குரைக்காமல், மிரட்டாமல், அமைதியாக உற்றுப் பார்த்தே ஆடுகளை ஓட்டும் என்று பெயர் வாங்கியது.

தாராபுரம் ரோட்டில் ஒருமுறை ஆட்டு மந்தை குறுக்கே வர, காரை நிறுத்தினேன். பின்சீட்டில் மிளகு சத்தமே போடவில்லை. தலை தோளுக்குக் கீழே இறங்கியது. ஒரு முன்னங்கால் அந்தரத்தில் தூக்கியபடி நின்றுவிட்டது. காது, வால், மூச்சு எல்லாம் அடங்கி, கண் மட்டும் மந்தையின் ஓரத்தில் நடந்த ஒற்றை ஆட்டின் மேல். மேய்ப்பர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இது ஆட்ட வெரட்டப் பாக்கலீங்க. எண்ணிட்டிருக்குது."

அந்த நிலையை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். தலை தாழ்வது, கண் நிலைகுத்துவது, கால் தூக்கி உறைவது. பைக்கைப் பார்த்து இது நடந்து, அடுத்த இரண்டு நொடியில் பாய்ச்சல் வரும். பாய்ந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. உறைவதற்கு முன்னால்தான் நமக்கு வாய்ப்பு.

முதல் வேலை: கேட்டை மூடுங்கள். தெருவில் கயிறில்லாமல் விடவே விடாதீர்கள். ஒரு முறை துரத்திவிட்டால் அந்தச் சுகம் நாய்க்குத் தெரிந்துவிடும், பிறகு மறக்க வைப்பது பெரும்பாடு. கழுத்தில் பட்டை மட்டும் போதாது, மார்போடு சேர்த்துக் கட்டுகிற ஹார்னஸ் போடுங்கள்.

இரண்டாவது: வண்டி தெரிய வேண்டும், ஆனால் நாய் உறைந்து போகாத தூரம் வேண்டும். எங்களுக்கு அது முதலில் மைதானத்தின் மறுகோடியில், ரோட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருந்தது. வண்டி வரும், மிளகு பார்ப்பாள், நான் வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுப்பேன். வண்டி போனதும் கோழியும் நின்றுவிடும். பத்து நாளில் வண்டிச் சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பினாள். அப்புறம் ஐம்பது மீட்டர், நாற்பது. உறைந்தால் தூரம் பத்தவில்லை என்று அர்த்தம், திட்டாமல் பின்னால் போங்கள். ரோட்டோரம் சாதாரணமாக நடக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

குழந்தைகள்: ஓடுகிற, கத்துகிற குழந்தையை அது மந்தையிலிருந்து பிரிந்த ஆடாகப் பார்க்கிறது. குழந்தைகளிடம் "அது பக்கத்துல வந்தா மரம் மாதிரி நில்லு" என்று சொல்லிக்கொடுங்கள். நின்றால் விட்டுவிடும். பிறந்தநாள் கூட்டம் மாதிரி நேரங்களில் நாய் வேறு அறையில் இருக்கட்டும்.

பல் பட்டுத் தோலில் கீறல் விழுந்தால், உங்கள் நாய்க்கு வருடா வருடம் வெறிநோய் ஊசி போட்டிருந்தாலும் சரி, காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அந்த ஆளை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இதில் மட்டும் "நம்ம நாய்தானே" வேண்டாம்.

பயிற்சியாளர் எப்போது? பல் தோலில் இறங்கிவிட்டால், அல்லது இரண்டு மாதம் முயன்றும் உறையும் தூரம் குறையவில்லை என்றால். மின்சாரப் பட்டை, கழுத்தை இறுக்கும் சங்கிலி பற்றிப் பேசுகிறவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வலியையும் வண்டியையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, வண்டியைக் கண்டாலே சீறுகிற நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: சுவரில் வெளிச்சம், நிழல், கூரை இவற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறது

இதை வேடிக்கை என்று நினைத்து வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். தயவு செய்து வேண்டாம். இந்த இனத்தில் இது வேரோடிவிட்டால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் போய்விடும்.

லேசர் விளக்கு விளையாட்டு காட்டினீர்களா? இன்றே தூக்கிப் போடுங்கள். டார்ச் வெளிச்சமும் அதே கதைதான்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மிளகு ஒன்றரை வயதில் தினமும் காலை எட்டரை மணிக்குப் போர்டிகோ கூரையைப் பார்த்து நிற்க ஆரம்பித்தாள். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய அண்டா. எட்டரைக்கு வெயில் அதில் விழுந்து, தண்ணீர் அசைய அசையக் கூரையில் வெளிச்சம் நெளிந்தது. அண்டாவுக்கு மூடி போட்டோம். ஆனாலும் அந்த நேரத்துக்கு அங்கே போய் அண்ணாந்து நிற்பது முழுசாக நிற்க நான்கு மாதம் பிடித்தது. உங்கள் வீட்டில் கைக்கடிகாரம், போன் கண்ணாடி, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு, ஜன்னலில் தொங்கும் பழைய சிடி எதுவாகவும் இருக்கலாம். எந்த நேரம், எந்த இடம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், தானாகத் தெரிந்துவிடும்.

பார்க்கும்போது அதட்டாதீர்கள், சிரித்துப் பேசாதீர்கள். "வா, சீப்பு எங்கே?" என்று வேறு அறைக்கு வேலை கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

டாக்டரிடம் எப்போது? இருட்டறையிலும் தேடுகிறது, சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, காற்றில் இல்லாத ஈயைக் கவ்வுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். கண் கோளாறாக இருக்கலாம், லேசான வலிப்பாகவும் இருக்கலாம். மனக்கட்டாயம், அதாவது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்க முடியாத மனக்கோளாறு என்று முடிவானால் அதற்கு மாதக்கணக்கில் கொடுக்கிற மருந்து உண்டு, நன்றாகவே கேட்கிறது. உள்ளூரில் இதில் பழக்கமுள்ள டாக்டர் கிடைக்கவில்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேளுங்கள்.

## அறிகுறி: வெயிலில் அல்லது ஓட்டத்துக்குப் பிறகு தள்ளாடுகிறது, மூச்சிரைப்பு நிற்கவில்லை

இதை மட்டும் இப்போதே முழுசாகப் படித்து வையுங்கள். நடக்கும்போது படிக்க நேரம் இருக்காது.

நாக்கு அகலமாகி அடர்சிவப்பாகத் தொங்குகிறது, எச்சில் கெட்டியாக ஒழுகுகிறது, வாந்தி, பின்னங்கால் பின்னுகிறது, கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கிறது என்றால் வெப்பத் தாக்கு. முதலில் குளிர வையுங்கள், அப்புறம் வண்டியைத் தேடுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், வயிறு, தொடை இடுக்கு, கால், உடம்பு எல்லா இடத்திலும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முடியைப் பிரித்துத் தோல் வரை தண்ணீர் இறங்க வேண்டும். ஃபேன் போடுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெர்மாமீட்டர் 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுந்து நடந்தாலும் போக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது மறுநாள்தான் தெரியும். 106-ஐத் தொட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நாயின் சிக்கல் என்னவென்றால், அது நிறுத்தாது. நாட்டு நாய் வெயில் ஏறினால் மரத்தடியில் படுத்துக்கொள்ளும். இது பந்து பறக்கிற வரைக்கும் ஓடும், ஓடியே விழும். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் நடை காலை ஆறு மணிக்கு, அப்புறம் இரவு எட்டுக்கு மேல். தார் ரோட்டில் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

வெயிலுக்காக மொட்டை அடிக்க வேண்டாம். நன்றாகச் சீவி உள்முடியை எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். வழித்துவிட்டால் தோல் நேராக வெயில் வாங்கும், முடியும் பழையபடி வளராமல் போகலாம்.

வெயிலே இல்லாமல் தள்ளாடினால்? நல்ல வேகத்தில் 5 முதல் 15 நிமிடம் ஓடிய பிறகு கால் இழுபட்டு, குழம்பிப்போய், பிறகு அரை மணிக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடுகிறதா? பார்டர் கோலிகளுக்கென்றே இப்படி ஒரு கோளாறு உண்டு. ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. உடனே ஓட்டத்தை நிறுத்திக் குளிர வையுங்கள். அடுத்த முறை வந்தால் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் இதயக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்க ஓட்டத்தை அளந்து கொடுப்பதுதான் வழி.

## அறிகுறி: சாப்பிடவில்லை, சோர்ந்து மூலையில் படுக்கிறது

ஒரு வேளை விட்டால் பரவாயில்லை. ஆனால் பார்டர் கோலி கயிற்றை எடுத்தும் எழவில்லை என்றால் நான் நேராக உண்ணிக் காய்ச்சலைத்தான் நினைப்பேன். நம் ஊரில் அதுதான் அதிகம்.

பாருங்கள்: காய்ச்சல் 103-க்கு மேலா? ஈறு வெளுத்திருக்கிறதா? வயிற்றுத் தோலிலோ ஈற்றிலோ சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளா? மூக்கில் ரத்தமா? மூத்திரம் கட்டங்காப்பி நிறத்திலா? உடம்பில் உண்ணி இல்லாததை வைத்துத் தைரியம் கொள்ளாதீர்கள். கடித்துவிட்டு விழுந்து பல நாள் ஆகியிருக்கலாம்.

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கிருமி தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது. இந்தக் கிருமியைக் கொல்லுகிற டாக்ஸிசைக்ளின் மருந்து எழுதினால் பெரும்பாலும் 28 நாள். நான்காம் நாளே நாய் துள்ளி எழுந்துவிடும், அப்போது நிறுத்தினால் திரும்ப வரும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும்.

உண்ணியை ஒழிக்க: இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான், மீதி எல்லாம் சுவர் வெடிப்பிலும் கட்டில் மூட்டிலும் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் வெடிப்புகளைப் பூசுங்கள், படுக்கையை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசுங்கள். மாதம் ஒன்றோ, 12 வாரத்துக்கு ஒன்றோ கொடுக்கிற மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. என் அனுபவத்தில் சோப்பு, பவுடர், பட்டை எல்லாவற்றையும்விட அதுதான் காசுக்குத் தகுந்தது. வலிப்பு வந்த நாயென்றால் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஐவர்மெக்டின். நம் ஊரில் உண்ணிக்கும் சொறிக்கும் இந்த ஊசியைச் சர்வசாதாரணமாகப் போட்டுவிடுகிறார்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு, மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கிற மரபணுவில் கோளாறு உண்டு. அவற்றுக்கு அந்த அளவு போட்டால் எச்சில், தள்ளாட்டம், பார்வை இழப்பு, கோமா, சாவு. இந்த மரபணுக் கோளாறு 2001-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. நீளமுகக் கோலிகளில் சுமார் 70 சதவீதம், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறக்குறைய பாதி, பார்டர் கோலியில் 5 சதவீதத்துக்கும் கீழ். குறைவுதானே என்று விட முடியாது. இங்கே பார்டர் கோலி என்று விற்கிற குட்டிகளில் பலவற்றுக்குப் பாட்டன் யார் என்றே தெரியாது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் பரிசோதனை செய்து சொல்வார்கள். அது வரை, இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாம் வயிற்றுப்போக்குக்குப் போட்டுக்கொள்கிற லோபரமைடு மாத்திரையும் இந்த நாய்களுக்கு ஆகாது.

## அறிகுறி: நொண்டுகிறது

பாதத்தை வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். பத்தில் ஆறு தடவை நெருஞ்சி முள், விரலிடுக்கு உண்ணி, பிளந்த நகம், சூட்டில் உரிந்த பாதம், இவ்வளவுதான். உள்பக்கம் மேலே இருக்கிற ஒட்டு நகம் தரையில் தேயாது, வளைந்து தோலுக்குள் இறங்கிவிடும், அதையும் பாருங்கள். முள்ளை எடுத்து உப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் ஓடவிடாமல் வைத்தால் சரியாகிவிடும்.

காலைத் தரையில் ஊன்றவே இல்லை என்றால் அன்றே டாக்டர். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் நொண்டினால் டாக்டர். 5 முதல் 10 மாதக் குட்டி முன்னங்காலை நொண்டினால் இரண்டு நாள்கூட வேண்டாம். தோள் மூட்டுக் குருத்தெலும்பு உரிகிற கோளாறு இந்த இனத்தில் அந்த வயதில் வரும். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும், சில நேரம் அறுவை சிகிச்சை தேவைப்படும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவினால் இடுப்பு மூட்டு. பந்துக்காக எகிறித் திரும்பிய மறுநொடியே கத்திக் காலைத் தூக்கினால் முழங்கால் தசைநார். இதற்குத்தான் செலவு அதிகம்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள். குடலும் சிறுநீரகமும் போய்விடும்.

## அறிகுறி: வலிப்பு

பெரும்பாலும் தூங்கும்போதோ சும்மா படுத்திருக்கும்போதோ வரும். கால்கள் நீந்துவது போல அடிக்கும், நினைவு இருக்காது, மூத்திரம் போகும். முடிந்த பிறகு சிறிது நேரம் குருடு மாதிரி சுவரில் முட்டும். இந்த இனத்தில் வலிப்பு வந்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வருகிறது.

சாவிக் கொத்தைக் காலில் திணிக்க வேண்டாம், வாயில் கை வைக்க வேண்டாம். தலைக்கு இடிக்கிற சாமானை நகர்த்துங்கள், விளக்கை அணையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு ஆள் வீடியோ எடுக்கட்டும். 5 நிமிடத்துக்கு மேல் போனாலும், 24 மணி நேரத்தில் இரண்டாவது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும் சரி. ஒன்றே வந்து இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் மறுநாள் காலையில் போகலாம். மருந்து ஆரம்பித்தால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஊருக்குப் போனாலும் மாத்திரை டப்பாவும் கூடவே போக வேண்டும்.

## அறிகுறி: பட்டாசுக்கு நடுங்குகிறது

தீபாவளிக்கு முந்தின நாள் எதுவும் செய்ய முடியாது. இரண்டு வாரம் முன்னாலேயே டாக்டரைப் பார்த்துப் பயத்தைக் குறைக்கிற மருந்து கேளுங்கள், ஒரு நாள் கொடுத்தும் பாருங்கள். வெறுமனே உடம்பை மயக்குகிற மருந்தில் பயம் உள்ளேயே இருக்கும். ஐவர்மெக்டின் பற்றிச் சொன்ன இடத்தில் வந்த அந்தக் கோலி மரபணுக் கோளாறு இருந்தால் அந்த வகையில் சிலது அளவு மீறியும் வேலை செய்யும். அன்றைக்கு ஜன்னல் சாத்திய உள்ளறை, ஃபேன் சத்தம், கூடவே ஒரு ஆள். அணைத்துக்கொண்டால் பயம் அதிகமாகும் என்பார்கள். நான் அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு அது வேண்டியிருக்கிறது.

## அறிகுறி: முடி கொட்டுகிறது, ஒரே இடத்தை நக்கிப் புண்ணாக்குகிறது

கொட்டுவது இயல்பு. வாரம் மூன்று நாள், தோல் வரை இறங்குகிற சீப்பால், காதுக்குப் பின்னாலும் தொடையிலும் விடாமல் சீவுங்கள். மழைக்காலத்தில் குளிப்பாட்டினால் உள்முடி காய்கிற வரை ஃபேனடியில் இருக்கட்டும். ஈரம் தங்கினால் ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்நிறப் புண் வந்துவிடும். புண் பரவினால், நாற்றம் அடித்தால், வட்ட வட்டமாக முடி போனால் டாக்டர்.

## டாக்டரிடம் கொண்டு போக வேண்டியவை

வீடியோ, எந்த நாள் எத்தனை மணிக்கு நடந்தது என்ற குறிப்பு, கடைசியாகக் கொடுத்த உண்ணி மாத்திரையின் அட்டை, தடுப்பூசிப் புத்தகம். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இப்படி எழுதி வையுங்கள்: "கோலி இனம். ஐவர்மெக்டின் போட வேண்டாம்."

போன ஐப்பசியில் நான் ஊரில் இல்லை. மிளகுக்குக் காதில் சொறி என்று மச்சான் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அவருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. உதவியாளர் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, தேதி எழுதுவதற்காகப் புத்தகத்தைத் திறந்தார். சிவப்பு எழுத்தைப் படித்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.